கேத்தலுக்குப் பதினொன்று

புத்தளத்தில் உப்புக்கும் கழுதைக்கும் அடுத்தபடியாகப் பேர் போனது எது என்று யாராவது கேட்டால், என்னுடைய தேர்தல் கணிப்புத்தான் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். அப்படிச் சொல்லும்போது என் மனைவி மர்ளியா பக்கத்தில் இருந்தால், "கழுதைக்கு முந்தியா, பிந்தியா?" என்று ஒரு கேள்வி போடுவாள். 

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தாஉல்லா என்ற பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கு நான் டைம்கீப்பர். வராத பஸ்ஸை "இந்தா வருது" என்று சொல்லி, கொழும்புக்குப் போக நின்ற சனத்தை ஒரு தலைமுறைக்கு நம்பவைத்தவனுக்கு, ஒரு வட்டாரத்தின் தேர்தல் முடிவைச் சொல்வது என்ன பெரிய வேலை? வாக்குச்சாவடிக் கதவு மூடுமுன்பே முடிவைச் சொல்லிவிடுவேன். எண்ணுகிறவர்களே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அறிவிக்கிறார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கிளப்பிவிட்டவனை எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் முகம் வழிக்கும்போது கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

என் தலைமையகம் ஜௌபரின் தேத்தண்ணிக் கடை. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் தெரிகிற மூலையில் என் கதிரை. அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஒருமுறை ஓர் அமைச்சர் உட்காரப் போனார். "சேர், அது டைம்கீப்பர்ட" என்று ஜௌபர் எழுப்பிவிட்டான். சரி, அமைச்சர் அல்ல, அமைச்சரின் சாரதி. ஆனால் அமைச்சரின் வாகனம் வெளியில்தான் நின்றது.

எங்கள் உப்புக்கிட்டங்கி வட்டாரத்தைப் பற்றிக் கொழும்பிலிருந்து வருகிற பத்திரிகைக்காரர்கள் படம் கீறிக்கொண்டு போவார்கள். முன் ஒழுங்கையில் பரம்பரையாக இருக்கிற குடும்பங்கள் குடைச் சின்னத்துக்கு. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து பின் ஒழுங்கையில் குடியேறியவர்கள் மணிக்கூட்டுச் சின்னத்துக்கு. கடலேரிக் களப்போரத்தில் இருக்கிற மீன்பிடிக் குடும்பங்கள் யார் வலை வாங்கித் தருகிறானோ அவனுக்கு. இப்படித்தான் கீறுவார்கள். எல்லாம் பிழை.

எங்கள் வட்டாரத்தில் வீடு எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. வீடு பங்கு போடும். கலியாண வீட்டில் ஒரு சஹன் தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்தை அவரவர் சாப்பிடுவதுபோல, வீட்டிலுள்ள வாக்குகளையும் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்வார்கள். வாப்பா குடைக்கு, மூத்தவன் மணிக்கூட்டுக்கு, மருமகள் தாய்வீட்டுக் கட்சிக்கு. எவன் வென்றாலும் அந்த வீட்டிலிருந்து ஒருவர் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "நாங்க ஒங்கட ஆக்கள்தானே" என்று சொல்லலாம். சொல்வது பொய்யும் இல்லை. மன்னார் ஆட்கள் இதில் எங்களுக்கே வாத்தியார்கள். ஒரு காலத்தில் பாதிப் பேருக்கு இங்கே பதிவு, பாதிப் பேருக்கு அங்கே பதிவு. தேர்தல் அன்று விடிய பஸ் ஏறி மன்னாருக்குப் போய் வாக்குப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். இரண்டு மாவட்டத்துக்குச் சஹன் வைத்தவர்கள்!

பங்கு போட்டு முடிய, வீட்டுக்கு ஒரு வாக்கு மிஞ்சும். அதற்கு "மிச்ச வாக்கு" என்று பெயர் வைத்தவன் நான்தான். கடைசியாக வந்து சிரித்துக் கேட்டவனுக்கு, அல்லது பாவப்பட்ட யாருக்காவது அது போகும். இல்லாவிட்டால் வாக்குச்சீட்டில் பூக் கீறி வீணாக்கிவிட்டு வருவார்கள். நாலாபக்கமும் சிதறிப் போகிற சாமான் என்பதால் நான் அதைக் கணிப்பில் சேர்ப்பதே இல்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கடந்த சபைத் தேர்தலுக்கு எங்கள் ஒழுங்கையில் கைபேசி திருத்துகிற ஸியாத் நாலைந்து இளந்தாரிகளைச் சேர்த்து ஒரு சுயேச்சைக் குழு தொடங்கினான். அவர்களுக்குக் கிடைத்த சின்னம் கேத்தல், தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கெண்டி. பெண்கள் இத்தனை பேர் இருக்கவேண்டும் என்று சட்டம் இருப்பதால், பெண் தேடி அலைந்து கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். மர்ளியா முந்தி முன்பள்ளி நடத்தியவள். ஸியாத்தும் அவளிடம் மூக்கு வழிய வழிய அரிவரி படித்தவன்தான்.

"டீச்சர், பேர மட்டும் தாங்க. வேற ஒண்டும் செய்யத் தேவல்ல."

"என்ட பேர நீ கேக்கிறியா, சட்டம் கேக்குதா?"

அவன் தலையைச் சொறிந்தான். "சட்டந்தான், டீச்சர்."

"அப்ப சட்டத்த வரச் சொல்லு. குடிக்கத் தேத்தண்ணி குடுத்து அனுப்புறன்."

பையன் வாடிப்போய் எழும்பினான். வாசல்வரை போனவனை அவளே கூப்பிட்டாள்.

"இஞ்ச வா. பட்டியல்ல கடைசி மூலையில பேர் போட நான் வரமாட்டன். இந்த வட்டாரத்துக்கு நேரா நிக்கிறதெண்டா வாறன். வெண்டா எனக்கு ஒரே ஒரு வேலைதான் இரிக்கி. அந்தக் கானுக்கு மூடி."

அந்தக் கானைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒழுங்கை திரும்புகிற இடத்தில், பிள்ளைகள் ஓதப் போகிற பாதைக்குக் குறுக்கே, கழிவுத் தண்ணீர் ஓடுகிற ஒரு பெரிய கான். மூடி உடைந்து எத்தனையோ சபைத் தவிசாளர்கள் வந்து போய்விட்டார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அரை டிராக்டர் கல் வந்து கொட்டுப்படும். தேர்தல் முடிந்ததும் கல் எங்கோ போய்விடும். மழை பெய்தால் கானும் பாதையும் ஒன்று. அதற்குள் விழுந்த செருப்புகளை அடுக்கினால் கல்பிட்டிவரை ஒரு பாதை போடலாம். ஒருமுறை ஒரு கழுதை விழுந்து, மூன்று மதத்து ஆட்களும் சேர்ந்து கயிறு கட்டித் தூக்கினோம். எங்கள் வட்டாரத்தில் மத நல்லிணக்கத்துக்கு அந்தக் கான் செய்த ஒரே சேவை அதுதான்.

மர்ளியாவுக்கு அந்தக் கான் பகிடியில்லை. அவளுடைய முன்பள்ளிக்கு வந்த ஒரு சின்னப் பிள்ளை அதில் விழுந்து கை முறிந்தது. அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு தவிசாளரிடமும் நேரில் போய்க் கேட்டாள். எல்லோரும் ஓம் என்றார்கள். ஓம் என்று சொல்லாதவன் இந்த ஊரில் அரசியலுக்கு வருவதே இல்லை.

அவள் பெயர் பட்டியலில் வந்த அன்று ஜௌபரின் கடையில் ஒரே சிரிப்பு.

"என்ன டைம்கீப்பர் நானா, வீட்டுக்குள்ளயே கட்சி வந்திட்டு! இந்தமுறை என்ன சொல்றீங்க?" என்றான் ஜௌபர், தேத்தண்ணியை ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றிக்கொண்டு.

கடை நிறையச் சனம். எல்லா முகமும் என் பக்கம். பெண்சாதி நிற்கிறாள் என்பதற்காக இவன் கணிப்பை வளைத்துவிட்டான் என்று ஒருவன் நாளைக்குச் சொல்லக்கூடாது பாருங்கள்! தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. கண்ணை மூடி, தாடையைத் தடவி, டிப்போவில் அறிவிப்புச் சொல்கிற குரலில் சொன்னேன்.

"குடை முதலாவது. மணிக்கூடு ரெண்டாவது. கேத்தலுக்குப் பதினொண்டு."

"ஐயோ நானா, பதினொண்டுதானா?"

"ஒண்டு கூடினா இந்தக் கதிரைய விட்டு எழும்பி, ஒன்ட கேத்தலத் தூக்கி வட்டாரத்துக்கே நான் தேத்தண்ணி ஊத்துறன்."

கடை அதிர்ந்தது. நானும் பூரித்துப்போய் வீட்டுக்கு நடந்தேன். எங்கள் ஊரில் கதை என்னைவிட வேகமாக நடக்கும் என்பதை மறந்துவிட்டேன்.

மேசையில் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தது. ஒரு மிடறு குடித்தேன். சீனி இல்லை. மர்ளியா நாளைக்கு வீடு வீடாகப் போவதற்கென்று புதுச் சேலை ஒன்றை ஸ்திரிக்கை போட்டு வைத்திருந்தாள். அதை மடித்து அலுமாரிக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதினொண்டுல ஒங்கட வோட்டு இரிக்கா?" என்று கேட்டாள். கோபமில்லாமல், கடையில் மீன் விலை கேட்பது போலக் கேட்டாள்.

"அது... மர்ளியா, அது ஒரு கணிப்புத்தானே."

"ஒங்கட கணிப்ப ஊரே நம்பும். பதினொண்டு எண்டு நீங்க சொன்னா, பதினொண்டு பேரும் என்னத்துக்கு வீணா எண்டு போடாம விட்டிருவாங்க. நாளைக்கு நான் எந்த முகத்தோட ஆக்கள்ட வாசல்ல போய் நிக்கிற?"

அலுமாரிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்துப்பட்ட சத்தம் எனக்குக் கேட்ட மாதிரி டிப்போவில் பஸ் டயர் வெடித்தபோதுகூடக் கேட்டதில்லை. இத்தனை வருடமாக ஊருக்கு முடிவு சொன்னேன். என் வீட்டுக்குள்ளேயே ஒரு முகத்தைக் கருக்கவைத்துவிட்டேன். அவள் வெல்லவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அது நடக்காத காரியம். ஆனால் எண்ணி முடிகிற அன்று அவள் தலை குனியக்கூடாது. ஒரு ஐம்பது, அறுபது விழுந்தால் போதும்.

மிச்ச வாக்கு என்று ஒன்று இருக்கிறதே! வேலையைத் தொடங்கினேன்.

முதலில் போனது பின் ஒழுங்கை அலீமாவிடம். மன்னாரில் பிறந்து, இங்கே வந்து, அரைத்த மசாலாத் தூள் விற்றே மூன்று பெண் பிள்ளைகளைக் கரைசேர்த்த மனுஷி. சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"அலீமா, ஒன்ட வீட்டு வோட்டெல்லாம் பங்கு போட்டாச்சு எண்டு தெரியும். மிஞ்சுற ஒண்ட மட்டும் மர்ளியாக்குப் போடு. வெல்லவைக்கக் கேக்கல்ல. முகம் வாடாம இருக்கத்தான்."

"ஏன் டைம்கீப்பர் காக்கா, பதினொண்டு எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னவனே வந்து கேக்கிறன் எண்டா பாத்துக்க."

அவள் மசாலா உரலுக்கு மேலால் சிரித்தாள். "சரி காக்கா, ஒண்டு தாறன். எங்கட சந்தி லைட்டு எரியுறல்ல. அதை மறந்திராதீங்க. மர்ளியா ராத்தாட்டச் சொல்லிராதீங்க, நான் பாவம் பாத்துப் போட்டன் எண்டு நெனச்சுக்குவா."

களப்போரத்தில் கத்தரினா வலைக் கயிற்றை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் குடை, மகன் மணிக்கூடு, கொழுந்தன் எது கிடைத்தாலும்.

"ஒண்டுதானே அண்ணே? என்டத போடுறன். டீச்சர்ட்டதான் என்ட ரெண்டு பெடியளும் படிச்சது. ஆனா அண்ணே, இஞ்ச குப்பை வண்டி வாறதேயில்ல. சொல்லி வைங்கோ."

"அவ வெல்லப் போறதில்ல கத்தரினா!"

"வெல்லாட்டியும் சொல்லி வைங்கோ."

இப்படி வீடு வீடாக. ஒவ்வொரு வாசலிலும் அதே கதை, அதே சத்தியம்: யாரிடமும் சொல்லாதீர்கள், மர்ளியாவுக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாக்கும் ஒரு பிரச்சினையும் தந்தார்கள். லைட்டு, குப்பை, மின்கம்பத்தில் சாய்ந்த தென்னை, பக்கத்து வீட்டுச் சேவல். அந்த வாரம் நான் நடந்த நடைக்குக் கழுதையாக இருந்திருந்தால் லாடம் தேய்ந்திருக்கும்.

அடுத்துச் செய்த காரியத்தைக் கேட்டால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இதில் மட்டும் நான் ஒரு துளி மிகைப்படுத்தவில்லை. குடைச் சின்னத்தின் வேட்பாளர் லத்தீப் ஹாஜியாரின் வீட்டுக்கே போனேன். உப்பு விளைகிற வாய்க்கால்களின் முதலாளி. முன் ஒழுங்கையில் பாதி வீடு அவருடைய சொந்தக்காரர்கள். வென்றுவிட்டேன் என்ற முகத்தோடு விறாந்தையில் இருந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"ஹாஜியார், வெல்றது நீங்கதான்."

"அது கணிப்பா, பந்தம் பிடிக்கிறியா?"

"கணிப்புத்தான். ஆனா ஒரு விஷயம். பதினொண்டு வோட்டு எடுத்த ஒரு பொம்புளைய வெண்டிட்டன் எண்டு சொன்னா அதில ஒங்களுக்கு என்ன மரியாதை? ஒரு அறுவது, எழுவது எடுத்தவள வெண்டாத்தான் போட்டி எண்டு ஆக்கள் கதைப்பாங்க."

அவர் பேரீச்சங்கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டு யோசித்தார். மரியாதை என்ற சொல் அவருக்குள் போனால் கொஞ்ச நேரம் வெளியே வராது.

"அதுவுஞ் சரிதான். மர்ளியா பக்கத்துப் புள்ள, அவட முகம் வாடுறது எனக்கும் விருப்பமில்ல. என்ட குடும்பத்து வீடுகளுக்கெல்லாம் வீட்டுக்கு ஒண்டு எண்டு சொல்லி விடுறன். ஆனா டைம்கீப்பர், சும்மா இல்ல. ஒன்ட வோட்டு எனக்கு."

"என்டதா?"

"ஓம். தேர்தல் முடிஞ்ச பொறகு ஜௌபர்ட கடையில நீயே வாய் தொறந்து சொல்லணும், என்ட வோட்டு குடைக்குத்தான் எண்டு. ஒரு வேட்பாளர்ட புருஷனே எனக்குப் போட்டான் எண்டா, அது மரியாதை!"

ஒன்றைக் கொடுத்து ஒரு டசின் வாங்குகிறேன். இதைவிட லாபமான வியாபாரம் புத்தளம் சந்தையில் உண்டா? கை கொடுத்தேன். டைம்கீப்பர் சொன்ன நேரம் தப்பலாம், கொடுத்த சொல் தப்பாது.

இதற்கிடையில் மர்ளியாவும் வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. ஒருநாள் காலையில் வாசலில் ஒரு சாக்கு. அதற்குள் கழுவிக் காயவைத்த ஒற்றைச் செருப்புகள். ஸியாத்தையும் அவனுடைய கூட்டாளிகளையும் கானுக்குள் இறக்கி எடுத்தவை. புதுச் சேலையை அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

"எங்க போற?"

"நீங்க ஆக்கள்ட பதினொண்டு எண்டு சொன்னீங்க. நான் போய் ஆக்கள்ட சாமானக் குடுத்திட்டு வாறன்."

வீடு வீடாகப் போய், "இது ஒங்கட மகள்ட செருப்பா? கானுக்குள்ள கெடந்திச்சு" என்று கேட்டிருக்கிறாள். வேறு ஒரு பிரசாரமும் இல்லை. கேத்தல் என்ற சொல்லையே எடுக்கவில்லை. பெருநாளைக்கு வாங்கி மறுநாளே தொலைந்த வெள்ளிப் பூப்போட்ட செருப்பை ஒரு உம்மா கண்டுபிடித்து அழுதாளாம். மகளுடைய கால் அதற்குள் அந்தச் செருப்பைவிட இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டதாம். எனக்கு இதையெல்லாம் ஜௌபர் சொன்னான். வீட்டில் என் தேத்தண்ணிக்கு இன்னும் சீனி வரவில்லை.

தேர்தல் நாள் வந்தது. பாடசாலைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். மறைப்புக்குள் போய் வாக்குச்சீட்டை விரித்தேன். கேத்தல் என்னைப் பார்த்தது. குடையும் பார்த்தது. எத்தனையோ பஸ்ஸைப் பிந்தி விட்டவன் நான், ஆனால் கை கொடுத்த ஒரு சொல்லை உடைத்ததில்லை. பென்சிலை எங்கே வைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். வெளியே வந்தபோது மர்ளியா சின்ன விரல் மையை ஊதிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை ஊசியால் குத்தியது.

அந்தி சாய்ந்து, மஃரிப் தொழுகை முடிந்து பள்ளியால் வெளியே வருகிறோம். வாக்கு எண்ணுகிற பாடசாலைப் பக்கமிருந்து ஸியாத் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். நிறுத்த மறந்துபோய் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தான்.

"டைம்கீப்பர் மாமா! கேத்தல்!"

"எத்தனை? அறுவது தாண்டிச்சா?"

"வெண்டிட்டு மாமா! குடைய விட ஒம்பது கூட! டீச்சர் வெண்டிட்டா!"

பள்ளி வாசலில் செருப்புத் தேடியவர்கள் தேடின மாதிரியே நின்றுவிட்டார்கள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை, கணக்கு. அலீமா வீட்டு ஒன்று. கத்தரினா வீட்டு ஒன்று. வீட்டுக்கு ஒன்று. வட்டாரத்தில் எத்தனை வீடு! ஒவ்வொரு வாசலிலும் ஒன்று ஒன்று என்று கேட்டுக்கொண்டே போனவன், ஒருநாளாவது இருந்து கூட்டிப் பார்க்கவில்லை. எப்போதும் நாலாபக்கமும் சிதறுகிற மிச்ச வாக்கெல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒரே கேத்தலுக்குள் விழுந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவன் நான், பேர் வைத்தவன் நான், அதை எண்ணாமல் விட்டவனும் நான்!

தோளில் ஒரு கை விழுந்தது. லத்தீப் ஹாஜியார். முகம் உப்பு மாதிரி வெளுத்திருந்தது.

"டைம்கீப்பர்," என்றார் மெதுவாக. "என்ட குடும்பத்து வீடு ஒரு டசினுக்கு மேல. வித்தியாசம் ஒம்பது."

"ஓம், ஹாஜியார்."

"அப்ப என்னைத் தோக்கடிச்சது..."

"மரியாதை, ஹாஜியார்."

அவர் என்னை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பள்ளி வாசலில் வைத்து அடித்தால் நன்மை குறையும் என்று யோசித்தாரோ என்னவோ, ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரித்துச் சிரித்துத் தொப்பி கழன்று விழுந்தது. அந்தச் சிரிப்பில் களப்பில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. நான் பார்த்தேன்.

அடுத்த நாள் காலை ஜௌபரின் கடையில் என் தண்டனை. என் கதிரை காலியாக நின்றது. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேத்தலைத் தூக்கி வட்டாரத்துக்கே தேத்தண்ணி ஊற்றினேன். வந்தவர்கள் எல்லோரும் குனிந்து என் காதுக்குள் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்.

"காக்கா, என்ட ஒரு வோட்டாலதான் ராத்தா வெண்டது. லைட்டு ஞாபகமிரிக்கா?" இது அலீமா.

"அண்ணே, நான் போட்டதாலதான் டீச்சர் வெண்டது. குப்பை வண்டி?" இது கத்தரினா.

ஒன்பது வாக்கால் வென்ற ஒருத்தியை வெல்லவைத்தவர்கள் அன்றைக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் சொன்னதும் பொய்யில்லை. எல்லோருக்கும் வட்டாரத்தில் சொந்தமாக ஓர் ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம். லத்தீப் ஹாஜியார் ஒரு தட்டு தொதல் இனிப்போடு வந்து நடுவில் அமர்ந்து, "பக்கத்துப் புள்ளய நான்தான் வெல்லவெச்சன்" என்று பெரிய சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலும் பொய்யில்லை பாருங்கள்.

அப்போது மர்ளியா வந்தாள். அந்தக் கடைக்கு அவள் வந்தது அதுதான் முதல்முறை. சனம் விலகியது. ஜௌபர் சால்வையால் என் கதிரையைத் துடைத்து, "டீச்சர், இதில இரிங்க" என்றான். ஒழுங்கையின் இரண்டு பக்கமும், கானும் தெரிகிற அந்த மூலையில் அவள் உட்கார்ந்தாள். நான் ஒரு கோப்பை ஊற்றி நீட்டினேன். அவள் வாங்காமல் என்னைப் பார்த்தாள்.

"அண்டைக்குக் கேட்டன். இன்னும் நீங்க சொல்லல்ல. எனக்கு விழுந்ததுல ஒங்கட வோட்டு இரிந்திச்சா?"

 ஹாஜியார் தொதலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். சொல்லவேண்டும் என்று நிபந்தனை வைத்தவர் அவர்தான்; தோற்ற பிறகு அது வெளியே வந்தால், என் ஒரு வாக்குக்காக ஒரு டசினைக் கொடுத்தார் என்ற கதையும் வெளியே வரும். ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே. கேத்தலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"என்ட வோட்டு குடைக்குத்தான்."

 பிறகு எங்கிருந்து எதற்கு என்று முழுக்கதையும் சொன்னேன்: பதினொன்றைக் கேட்டு அலுமாரி சாத்துப்பட்டதில் இருந்து, பேரீச்சங்கொட்டை உருண்டதுவரை. ஹாஜியார் தொதல் தொண்டையில் சிக்கி இருமினார். ஜௌபர் மேசையில் அடித்து அடித்துச் சிரித்ததில் நாலு பிளேன்டீ கவிழ்ந்தது. இரண்டு ஒழுங்கையும் களப்போரமும் ஒன்றாகச் சிரித்ததை அந்தக் கழுதைக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

மர்ளியா மட்டும் சிரிக்கவில்லை. உதட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் சிரிப்பை அடக்குகிற முறை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அப்ப நம்மட வீட்டுலயும் எனக்கு ஒண்டுதான் விழுந்திரிக்கி" என்றாள். "என்டது."

"ஓம்" என்றேன்.

"எல்லா வீட்டையும் போல."

"எல்லா வீட்டையும் போலத்தான்."

அவள் கை நீட்டிக் கோப்பையை வாங்கினாள். ஒரு மிடறு குடித்தாள். கானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சீனி காணாது" என்றாள்.

நான் ஓடிப்போய்ச் சீனிப் போத்தலை எடுத்து வந்தேன். இரண்டு கரண்டி அவளுக்கு. ஹாஜியாருக்கு ஒன்று. பிறகு எனக்கென்று ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு, அவளைப் பார்த்தேன். அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். அதற்கப்புறம்தான் என்னுடையதற்குள் கரண்டியை விட்டேன்.